நாலரை மணிக்கு பெட்டிய யாரு எடுக்குறது?

யாவாரம் ஒண்ணு தொடங்க நாங்க போட்ட பிளான் 38 பக்கம். அண்ணன் பண்டாரவளை டவுன்ல கலர்ல பிரிண்ட் எடுத்து, சுருள் கம்பி போட்டு, மேல பிளாஸ்டிக் அட்டை வெச்சி கல்யாண ஆல்பம் மாதிரி கொண்டாந்து மேசையில வெச்சாரு. அதுல லோகோவுக்கு மட்டும் மூணு பக்கம், ஆப் எப்படி இருக்கும்னு ஏழு பக்கம், அஞ்சு வருஷ வரவு செலவுக்கு ஒரு பெரிய டேபிள். அந்த டேபிள் போட்டது நான்தான், கணக்கு பாக்குறவ நான், அதனால அந்த பாவம் என் தலையில. மூணாவது வருஷம் துபாய்க்கு அனுப்புறோம்னு கூட அதுல எழுதியிருக்கேன். எக்செல்ல வளர்ச்சி 8 வீதம்னு இருந்தத 12ன்னு தட்டினா கடைசி வரியில ஒரு வேன் வாங்குற காசு வந்து நிக்கும், அந்த சந்தோஷத்துலயே ஒரு சனிக்கிழமை முழுசா போச்சு.

யாவாரம் என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க பக்கத்து மரக்கறிய கொழும்புல பிளாட்ல இருக்குற ஆளுங்களுக்கு பெட்டியில போட்டு நேரா அனுப்புறது, அவ்வளவுதான். 2023 தைப்பொங்கல் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சோம், அண்ணன், அவரோட கூட்டாளி ஒருத்தர், கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு தம்பி, நான், பேருக்கு அண்ணி. சனிக்கிழமை தவறாம மீட்டிங், பிளேன்டீ, பருப்பு வடை. ஆகஸ்ட் வரைக்கும் ஒரு கரட் கூட விக்கல.

அண்ணி மீட்டிங்ல உக்காந்ததே இல்ல, வடை சுட்டுக்கிட்டே காதுல வாங்கிக்கும். ஒரு செவ்வாக்கெழமை மத்தியானம் கைய தொடச்சிக்கிட்டு வந்து, "இன்னைக்கி ராத்திரி பஸ்ல ஆறு பெட்டி போடுறேன், கொழும்பு வெள்ளவத்தையில நம்ம சின்னம்மா மகன் இருக்கான்ல, அவன் பிளாட் குரூப்ல கேட்டானாம், ஆறு வீட்டுல சரின்னுட்டாங்க"ன்னு சொல்லுச்சு.

அண்ணனுக்கு தூக்கிவாரி போட்டிருச்சு. "அடியே, பேக்கேஜிங் முடிவாகல, பேரே இன்னும் முடிவாகல!"

"கரட்டுக்கு என்னத்துக்கு பேரு? கரட்டுன்னு சொன்னா அவுங்களுக்கு தெரியாதா?"

அதுக்கு மேல யாரும் பேசல.

பெட்டின்னா என்ன, பிஸ்கட் கடையில கேட்டு வாங்கின காட்போட் பெட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு கிலோ கரட், அரைக்கிலோ லீக்ஸ், அரைக்கிலோ போஞ்சி, பீட்ரூட் கொஞ்சம், முழு கோவா (முட்டைக்கோஸ்) ஒண்ணு. பெட்டிக்குள்ள எடம் மிஞ்சி ஆட்டம் குடுத்துச்சுன்னு அண்ணி எங்க லயத்து வரிசை வீட்டுக்கு பின்னாடி போயி மரத்தக்காளி நாலு நாலா பறிச்சி மூலைக்கு ஒண்ணா அடச்சி வெச்சிச்சு. பதுளையில இருந்து கொழும்புக்கு போற 99ம் நம்பர் பஸ், ராத்திரி பத்து மணி கிட்ட, கண்டக்டர்கிட்ட பெட்டிக்கு 350 ரூபா பேசி கீழ டிக்கியில ஏத்தியாச்சு. அப்பத்தான், பஸ் ஹப்புத்தளை பக்கமா திரும்பி லைட் மறைஞ்சதுக்கு அப்பறம்தான், தம்பி கேட்டான்: "அக்கா, விடியக்காலை நாலரைக்கு புறக்கோட்டையில பெட்டிய யாரு எடுக்குறது?"

38 பக்கத்துல எங்கயும் இல்லாத கேள்வி. எட்டு மாசமா நாலு பேரு உக்காந்து பேசி ஒருத்தர் வாயிலயும் வரல. பஸ் போயி அஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு.

சின்னம்மா மகன் போன எடுக்கல, நல்ல தூக்கம். கண்டக்டர் நல்ல மனுஷன், பஸ் ஸ்டாண்ட்ல ஒரு தேத்தண்ணி கடையில பெட்டிய எறக்கி வெச்சிட்டு போயிட்டாரு, இவன் ஏழு மணிக்கு த்ரீவீல்ல ஓடிப்போயி எடுத்தான். த்ரீவீல் காசே லாபத்த தின்னுருச்சு. கரட்ட பளபளன்னு இருக்கணும்னு நாங்க கழுவி, ஈரம் காயாம பொலித்தீன் பையில கட்டியிருந்தோம், ராத்திரி முழுக்க டிக்கி சூட்டுல வேர்த்து கொழகொழன்னு ஆகிருச்சாம். மண்ணோட அப்படியே போட்ட பீட்ரூட்டுக்கு ஒண்ணும் ஆகல. பெட்டி எறக்குறப்ப டிக்கி முழுக்க லீக்ஸ் வாசம், அதுக்கும் கண்டக்டர்கிட்ட ஒரு பேச்சு. மூணாவது மாடியில ஒரு யாழ்ப்பாணத்து அம்மா போன் எடுத்து, "பிள்ளை, முழுக் கோவா எங்களுக்கு எதுக்கு, நானும் அவரும்தானே இருக்கிறம், பாதி காணும்" அப்படின்னாங்க. அட, பிளாட்ல இருக்குறது பாதி வீட்டுல வயசான ரெண்டு பேரு, பிள்ளைங்க எல்லாம் கனடா லண்டன். எங்க பிளான்ல "நாலு பேர் கொண்ட இளம் குடும்பம்"னு ஒரு படமே போட்டிருந்தோம், இன்டர்நெட்ல எடுத்த சிரிக்கிற குடும்பம்.

ஆனா ஆறு வீட்டுல நாலு வீடு திருப்பி போன் பண்ணி கேட்டது என்ன தெரியுமா? மரத்தக்காளி. ஆட்டம் நிக்க வெச்ச மரத்தக்காளி. அடுத்த வாரம் ஒரு கிலோ போடுவீங்களா, என்ன வெலைன்னு. எங்களுக்கு வெலையே தெரியாது, அத நாங்க வித்ததே இல்ல, பசங்க பறிச்சி தின்னுட்டு போற பழம் அது.

அந்த ஒரு ராத்திரியில தெரிஞ்சிக்கிட்டது எட்டு மாச மீட்டிங்ல தெரியல. இத நான் ஏதோ பெரிய ஞானம் மாதிரி சொல்லல, வெக்கத்தோடதான் சொல்றேன், ஏன்னா அந்த எட்டு மாசமும் நாங்க ரொம்ப கஷ்டப்பட்டு வேல செய்யிறதா நெனச்சிக்கிட்டு இருந்தோம்.

ஏன் அப்படி ஆச்சுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். சோம்பேறித்தனம்னு சொல்ல முடியாது, அண்ணன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சி அந்த பிளான எழுதுவாரு. எனக்கு படுறது வேற. பிளான் போடுறப்ப தப்பு யாரோடதும் இல்ல. உக்காந்திருந்த நாலு பேரும் தலையாட்டினது, எல்லாருக்கும் பங்கு இருக்கு. பெட்டிய பஸ்ல ஏத்திட்டா கரட் அழுகினது ஒருத்தர் தலையிலதான் விடியும். தோட்டத்துல பொறந்து வளந்தவங்களுக்கு இது நல்லா வெளங்கும். காலையில பெரட்டுக்கு, வேலை பிரிச்சி குடுக்குற எடத்துக்கு, போவாங்க, இன்னைக்கி எந்த மலை, எந்த நெரைன்னு கங்காணி சொல்லுவாரு, கங்காணிக்கு கணக்கப்பிள்ளை சொல்லியிருப்பாரு, அவருக்கு சின்ன தொரை, அவருக்கு பெரிய தொரை. கீழ இருக்குறவங்க தானா ஒண்ண செஞ்சி பாத்து அது நல்லா வந்தா யாரும் பாராட்டினதில்ல, கெட்டுப்போனா அன்னைக்கி அரைப்பேரு, அரை நாள் சம்பளம்தான். அம்மம்மா காலத்துல இருந்து ரத்தத்துல ஊறின பழக்கம், மேல இருந்து சொல்லட்டும்னு காத்திருக்குறது. இப்ப எங்களுக்கு மேல தொரை யாரும் இல்ல, அதனால அந்த எடத்துல ஒரு பிளான வெச்சி அதுகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டு இருந்தோம். கொழுந்து ஒரு கிலோ கூட எடுக்காம எட்டு மாசம் முழுப்பேரு போட்டுக்கிட்டோம்னு அண்ணி சொல்லும், இன்னமும் சொல்லிக் காட்டும்.

தம்பிதான் எனக்கு ஒரு விமானக் கதை சொன்னான். ஹென்றி கிரேமர்னு ஒரு பிரிட்டிஷ் தொழிலதிபர் 1959ல ஒரு பரிசு அறிவிச்சாரு, மோட்டர் இல்லாம மனுஷன் காலால மிதிச்சே எட்டு போட்டு பறக்குற விமானம் யாரு செய்யிறாங்களோ அவுங்களுக்கு. வருஷம் போகப்போக பரிசு 50,000 பவுண் வரைக்கும் ஏறிச்சு, ஆனா 18 வருஷம் யாராலயும் முடியல. ஒவ்வொரு டீமும் மாசக்கணக்கா கணக்கு போட்டு அழகா ஒரு விமானம் கட்டுவாங்க, ஒரு தடவ பறந்து விழும், அத சரி பண்ண மறுபடி மாசக்கணக்கா போகும். அமெரிக்காவுல பால் மெக்கிரெடின்னு ஒருத்தர் வந்தாரு, அலுமினியக் குழாய், மெல்லிய பிளாஸ்டிக் தாள், பியானோ கம்பி, ஒட்டுற டேப், இத வெச்சி பாக்க அசிங்கமா ஒண்ணு கட்டினாரு. விழுந்தா அங்கேயே ஒட்டி கட்டி சீக்கிரமே திருப்பி பறக்க விடலாம். 1977 ஆகஸ்ட் 23, கலிஃபோர்னியாவுல, சைக்கிள் ஓட்டுற ஒரு பையன் மிதிச்சி பரிச வாங்கிட்டாங்க. மத்தவங்கள விட அவருக்கு மூள கூடன்னு இல்ல, மத்தவங்கள விட கூட தடவ விழுந்து எழும்பினாரு. அதுக்கு ஏத்த மாதிரி விமானத்த கட்டினதுதான் கெட்டிக்காரத்தனம்.

இத கேட்ட ஒடனே அண்ணன் பிராண்ட் பேரு அடிச்ச பெட்டி ஆயிரம் ஓடர் பண்ண இருந்தத நிப்பாட்டினாரு. பிஸ்கட் பெட்டி எங்க அலுமினியக் குழாய். ஒரு வாரம் ஓட்ட போடுவோம், ஒரு வாரம் பேப்பர் சுத்துவோம், ஒரு வாரம் ரெஜிஃபோம் வெச்சி பாத்தோம், அது காசுக்கு கட்டுபடி ஆகல. ஆயிரம் பெட்டி அடிச்சிருந்தா அந்த பெட்டிக்கு ஏத்த மாதிரி மரக்கறிய மாத்திக்கிட்டு இருந்திருப்போம்.

சரி, நம்ம மலையில பாத்தாலும் இதேதான் கெடக்கு. ஜேம்ஸ் டெய்லர்னு ஒரு ஸ்கொட்லாந்து தொரை லூல்கந்துர தோட்டத்துல 1867ல தேயிலை போட்டது 19 ஏக்கர்ல. அப்ப நாடு முழுக்க கோப்பி, கோப்பியில காசு கொட்டுது, தேயிலைய யாரும் மதிக்கல. அவரு கோப்பிய புடுங்கிட்டு தோட்டம் முழுக்க தேயிலை போடல, ஒரு 19 ஏக்கர். முதல்ல ஸ்டோரும், அதான் தேயிலை பெக்டரி, கெடையாது, பங்களா விறாந்தாவுல மேசை போட்டு கொழுந்த கையால உருட்டி, மண் அடுப்புல கரி நெருப்புல வாட்டி எடுத்தாங்க. 1869ல கோப்பிக்கு இலை நோய் வந்து கொஞ்ச கொஞ்சமா எல்லாம் செத்துச்சு. 1873ல லண்டனுக்கு போன அவரோட தேயிலை வெறும் 23 றாத்தல், பத்து கிலோ கிட்ட. 23 றாத்தல்! என் வீட்டு அரிசி வாளிக்குள்ள அடங்கிரும். ஆனா கோப்பி விழுறப்ப, தேயிலைய இப்படி போடலாம், இப்படி உருட்டலாம்னு தெரிஞ்ச ஒரு எடம் நாட்டுல இருந்துச்சு. டெய்லர் பேரு புஸ்தகத்துல இருக்கு, அந்த மேசையில கை வலிக்க உருட்டினவங்க பேரு எங்கயும் இல்ல, அது வேற கத, அத ஒரு நாள் தனியா எழுதணும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நம்ம எல்லாரும் கண்ணால பாத்தோம். 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதிய நாடு முழுக்க ஒரே அடியா தடை செஞ்சாங்க. வேகமா முடிவெடுத்தாங்கன்னு அப்ப கைதட்டினவங்களும் இருந்தாங்க. தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம்னு ஒண்ணு இருக்கு, 1925ல ஆரம்பிச்சது, ஒரு புது ரகத்த வெளிய விடுறதுக்கு முன்னாடி சின்ன சின்ன பாத்தியில வருஷக்கணக்குல வெச்சி பாக்குற நாடு இது. அந்த நாட்டுலதான் ஒரு மாவட்டத்துல, ஒரு போகம் பாத்துட்டு அப்பறம் செய்வோம்னு இல்லாம மொத்தமா எறங்கினாங்க. நவம்பர்ல தடைய எடுத்தாங்க, ஆனா மண்ணுக்கு கெசட் வெளங்குமா? 2021ல கிட்டத்தட்ட 299 மில்லியன் கிலோவா இருந்த தேயிலை 2022ல 251 மில்லியன் கிலோ கிட்ட வந்துருச்சு. டீசல் இல்லாததும் கரண்ட் இல்லாததும் சேர்ந்துதான், உரம் மட்டும்னு சொல்ல மாட்டேன், ஆனா மஞ்சளா போன மலைய நாங்க பாத்தோம். எங்க மரக்கறிக்காரங்க உருளைக்கிழங்கு போடாம நெலத்த சும்மா விட்டாங்க.

அதனால "யோசிக்காத, எறங்கு"ன்னு சொல்றவங்கள கண்டா எனக்கு கோபம் வரும். அமேசான் ஜெஃப் பெஸோஸ் 2015ம் வருஷத்துக்கான பங்குதாரர் கடிதத்துல முடிவுகள கதவு மாதிரி ரெண்டா பிரிக்கிறாரு, போனா திரும்பி வரக்கூடிய கதவு, வர முடியாத கதவு. தம்பி இத சொன்னப்போ அண்ணி சிரிச்சிட்டு, இது கவ்வாத்து, தேயிலைச் செடிய வெட்டி விடுற விஷயம்தானேன்னுச்சு. எந்த நெரையில முதல்ல கொழுந்து எடுக்கலாம்னு தப்பா சொன்னா மத்தியானத்துக்குள்ள மாத்திக்கலாம். கத்திய வெச்சி கவ்வாத்து பண்ணின செடிய ஒட்டவெக்க முடியாது, மறுபடி கொழுந்து பாக்க மாசக்கணக்குல நிக்கணும். அதுக்கு பத்து தடவ யோசி. எந்த வேலை நெரை, எந்த வேலை கவ்வாத்துன்னு பிரிக்க தெரியாம, நாங்க எல்லாத்தையும் கவ்வாத்து மாதிரி பயந்துக்கிட்டு இருந்தோம், லோகோ கலர் உட்பட.

இன்னொண்ணும் சொல்லணும். தோத்தா பரவால்ல, வேகமா தோத்துப்போன்னு வெளிநாட்டு வீடியோவுல சொல்றாங்க. அப்படி சொல்றவங்க பின்னாடி யாரோ காசோட நிக்கிறாங்க. எங்க பின்னாடி நிக்கிறது அடகுல இருக்குற அண்ணியோட வளையல். எங்க ஆளுங்க பயப்படுறது கோழைத்தனம் இல்ல, விழுந்தா எழும்ப காசு இல்ல. அதனால நாங்க என்ன செஞ்சோம்னா, இந்த வாரம் போனா போகட்டும்னு சொல்லக்கூடிய காசு எவ்வளவுன்னு முதல்ல கேப்போம். 5,000 ரூபான்னா 5,000தான், சீட்டுக் காசுல கை வெக்கக் கூடாது. அதுக்குள்ள ஒரே ஒரு கேள்விக்கு பதில் பாப்போம், பேப்பர் சுத்தினா லீக்ஸ் வாசம் அடங்குமா, அவ்வளவு சின்ன கேள்வி. ஒரு சீஆர் கொப்பியில இடது பக்கம் என்ன நடக்கும்னு நெனச்சோம், வலது பக்கம் என்ன நடந்துச்சு. இடது பக்கத்த பஸ் போறதுக்கு முன்னாடி எழுதணும், இல்லன்னா அண்ணன் அப்பறமா வந்து நான் அப்பவே நெனச்சேன்னு சொல்லுவாரு.

இதெல்லாம் தெரிஞ்சும் தீபாவளி வாரத்துல ஒரு முட்டாத்தனம் பண்ணினோம். மூணு மாசம் நல்லா போச்சேன்னு 22 பெட்டி கட்டிட்டோம். பண்டிகைக்கு ஊருக்கு வர்ற போற சனம், பஸ்ல மூச்சு விட எடம் இல்ல, டிக்கி முழுக்க பயணப் பை, கண்டக்டர் கும்புட்டுட்டு ஒரு பெட்டி கூட ஏத்த மாட்டேன்னுட்டாரு. ஒரு போன் போட்டு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், ரெண்டு நிமிஷ வேல. வேகமா செய்யிறோம்ங்கிற திமிருல அத கூட கேக்கல. 22 வீட்டுக்கு மன்னிப்பு மெசேஜ் போட்டது நான். லயம் முழுக்க அந்த தீபாவளிக்கு எங்க வீட்டு கோவாதான், ஆட்டுக்கறியோட கோவா, கோவா சுண்டல், கோவா ரொட்டி. பக்கத்து வீட்டு அக்கா இன்னமும் என்ன கண்டா "கோவா மிச்சம் இருக்கா"ன்னு கேக்கும்.

அந்த 22 பெட்டியும் கொப்பியில இருக்கு, வலது பக்கம் ஒரே வரி: "கேக்கல". அண்ணி கையெழுத்து.

38 பக்க பிளானும் இருக்கு, தூக்கி போடல. அந்த ஏழு பக்க ஆப் இப்ப ஒரு வாட்ஸ்அப் குரூப், பேரு "பெட்டி". வாரத்துக்கு ரெண்டு நாள், பெட்டி 30 தாண்டுறதில்ல, அரைக் கோவா, மண்ணோட கரட், மரத்தக்காளி கேட்டவங்களுக்கு தனியா. துபாய் இன்னும் தூரம்.

இப்ப புதுசா ஒரு சண்ட ஓடுது. ஸ்ட்ரோபெரி அனுப்பலாமான்னு. பெரகல வளைவு தாண்டுறதுக்குள்ள ஜாம் ஆயிரும்னு அண்ணன் சொல்றாரு, ஐஸ் பெட்டி வாங்கணும், அதுக்கு ஒரு கணக்கு போடுவோம், சனிக்கிழமை பேசுவோம்னு பேனாவையும் எடுத்துட்டாரு. அண்ணி எதுவும் பேசாம கடைக்கு போயி முட்டை அட்டை ரெண்டு வாங்கிட்டு வந்து, குழிக்கு ஒண்ணா ஸ்ட்ரோபெரிய வெச்சி, மேல இன்னொரு அட்டைய கவுத்து நூல் போட்டு கட்டிருச்சு. கொப்பியில இடது பக்கம் அண்ணன் "ஜாம்"னு எழுதினாரு, அண்ணி "பாதி தப்பும்"னு எழுதுச்சு, நான் ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேள்விக்குறி போட்டேன், அதுக்கும் ஏச்சு வாங்கினேன்.

இத எழுதுறப்ப ராத்திரி பதினொன்னேகால். ரெண்டு பெட்டி 99ல போயிக்கிட்டு இருக்கு, பெரகல வளைவெல்லாம் தாண்டி ஹல்துமுல்ல பக்கம் எறங்கியிருக்கும். சின்னம்மா மகன் மெசேஜ் போட்டிருக்கான், நாலு மணிக்கு அலாரம் வெச்சிட்டானாம், ரெண்டு போன்லயும்.